அடுப்படித் தரை

மெஷின் நின்றதும் சொல்லிவிட வேண்டும் என்று கஸ்பார் காலை ஒன்பது மணியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். ஓடும்போது சொன்னால் யார் காதிலும் விழாது, கத்த வேண்டியிருக்கும், கத்திச் சொல்கிற விஷயமா அது. நின்றது. அடுப்படிக்குள் ரைமண்ட் மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு இருமினான், உடைந்த தரையின் சிவப்புத் தூசி நடையைத் தாண்டி முன்னறைக்கு வந்து அவருடைய காப்பித் தம்ளரின் விளிம்பில் உட்கார்ந்தது, வீடு முழுக்க அப்படி ஓர் அமைதி. இந்த அமைதியில் சொன்னால் பதினோரு பேருக்கும் ஒரே சமயத்தில் கேட்டுவிடுமே, அது கொஞ்சம் அதிகம் அல்லவா, மெஷின் மறுபடி ஓடட்டும், அந்தச் சத்தத்தின் மறைவில் சூசைக் கொத்தனாரை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாக ஒரு வரி, ஒரே ஒரு வரி. மெஷின் ஓடியது. அந்த அதிர்வு சுவர் வழியாகப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து, நாற்காலி வழியாக முதுகெலும்புக்கு ஏறி, கடைவாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லில் போய் நின்றது. இவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கே இப்படி என்றால் அதற்கு நேர் மேலே இருக்கிற தளத்துக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தார், நினைத்ததும் நினைப்பு சூடு பட்ட கையைப் போல வெடுக்கென்று விலகி, காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருப்பதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஜெசிந்தா இருந்தால் ஆடை கட்ட விடமாட்டாள். எழுந்திருக்கப் போனார். "நீங்க உக்காருங்க மாமா, உங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது" என்று யாரோ சிமெண்டு சட்டியோடு ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள், அவரும் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற சுகம் இருக்கிறதே, அது இந்த மூன்று மாதத்தில் அவருக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

இதெல்லாம் பிரகாசி டீச்சர் ஏற்பாடு. கோயில் தெருவின் நாற்பது வீடும் சேர்ந்த செபக்குழுவுக்கு அன்பியம் என்று பெயர், அந்த அன்பியம் ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்ளும், கூலி வாங்காமல் சனிக்கிழமை தவறாமல் வந்து வேலை பார்த்து ஈஸ்டருக்குள் அந்த வீட்டின் குறையைத் தீர்த்துக் கொடுக்கும். போன வருஷம் கால் விளங்காத மிக்கேலுக்கு வாசற்படியை இடித்துச் சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டினார்கள், அன்றைக்கு எல்லோருக்கும் புளிச்சோறு கிண்டிக் கொண்டுபோனவள் ஜெசிந்தா. இந்த வருஷம் ஜெசிந்தா இல்லை, ஆகவே அவள் வீடு. "ஒரு உயிரக் குடிச்ச தரை அது, இன்னொண்ணயும் குடிக்க விடக் கூடாது" என்று டீச்சர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், சொரசொரப்பான டைல்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர், மணல் தன் பொறுப்பு என்று இன்னொருவர், படகு எஞ்சின் மெக்கானிக் ரைமண்ட் தரை உடைக்கிற மெஷினைக் கொண்டுவருவதாக. கஸ்பார் வேண்டாம் என்றார். இரண்டு தடவை வேண்டாம் என்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் வேண்டாம் என்றால் அதற்குக் கூச்சம் என்றுதான் இந்த ஊரில் அர்த்தம், கூச்சமில்லை என்று காட்டுவதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்வதாக இருந்தால் அப்புறம் சொல்லாமல் வைத்திருக்க என்ன இருக்கிறது. மூன்றாவது தடவை டீச்சர் கேட்டபோது அவர் தலையை எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை, டீச்சர் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று சனிக்கிழமையாகச் சாமான்கள் வந்து இறங்கின. இன்றைக்குத்தான் உடைக்கிறார்கள், பதினோரு பேர், தரையைப் பார்த்துக் குனிந்த பதினோரு முதுகு, அத்தனை முதுகுக்கும் மேலே அது.

வழுக்கி விழுந்தாள். இந்த இரண்டு சொல்லைத்தான் அவர் ஊருக்குக் கொடுத்தார், ஊர் அதை வாங்கி ஆளுக்கொரு கதையாக வளர்த்துவிட்டது. எண்ணெய் கொட்டியிருக்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. செருப்புத் தேய்ந்திருக்கும் என்றார்கள். ஜெசிந்தாவின் தங்கை லெத்தீசியா, கூடப் பிறந்தவளின் உரிமையில், செத்தவளையே திட்டினாள்: "எங்க அக்காளுக்கு எப்பவும் பரபரப்புதான் அத்தான். ஈரத்துல நின்னு பழகாதன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். கேட்டாத்தான?" இதை அடக்கத்தன்று சொன்னாள், ஏழாம் நாள் சொன்னாள், முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தியை ஊன்றிக்கொண்டே சொன்னாள், ஒவ்வொரு தடவையும் கஸ்பார் ஆமாம் என்பதுபோல் மூச்சு விட்டார். ஜெசிந்தாவுக்கா பரபரப்பு. குளியலறைக்குள் போகுமுன் கட்டை விரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கால் வைக்கிறவள், முட்டைகளைக் கூடையில் போடும்போது ஒவ்வொன்றுக்கும் துணி வைக்கிறவள். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் அவள் கையால் உடைந்ததில்லை. மஸ்கட்டிலிருந்து ஓடிவந்த மகள் ஒருத்திதான், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மாவா? அம்மாவா வழுக்குனா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அழுதார், அது நிஜமான அழுகைதான், ஆனாலும் அந்த நேரத்துக்கு அது வசதியாக இருந்தது. கவனமாக இருந்தே வாழ்ந்து முடித்தவளுக்குக் கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கிக் கொடுத்தாயிற்று. கல்லறையில் கல் வைக்கும்போது அதையும் எழுதிவிடலாம் என்று ஒரு கசப்பு மேலே வந்தது, அதைக் காப்பியோடு விழுங்கினார், தூசி பல்லில் நறநறத்தது.

நறநறப்பு. அன்றைக்கும் காலடியில் இதே நறநறப்புதான். பொங்கல் கழிந்து மறுநாள், காலை எட்டேகால், அவர் பின்முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார், உள்ளே உப்பு மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், ஒன்றே ஒன்று, அதற்கப்புறம் தோசைக்கல் சுர்ரென்றது மட்டும். என்ன அது என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனார். அவள் அடுப்பு மேடைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள், பக்கத்தில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு காங்கிரீட் பாளம் இரண்டாக உடைந்து கிடந்தது, உச்சந்தலையில் மெல்ல மெல்லச் சிவப்பு. கஸ்பார் முதலில் பார்த்தது மேலேதான். அதை அவர் மறக்கப் பார்க்கிறார், முடியவில்லை, அவளைப் பார்க்குமுன் அண்ணாந்து மேலே பார்த்தார், தளத்தில் பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது, கம்பி என்றா சொல்வது, துருவேறி ஊதி இலை இலையாக உரிந்து நிற்கிற ஒன்று. முப்பத்தொரு வருஷம் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்புறம் கை வேலை செய்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது, கரித்துணியில் அந்த இரண்டு துண்டையும் சில்லுகளையும் சுருட்டியது, முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போட்டது, தொபுக்கென்று கேட்டது, திரும்பி வந்து மேடைமேலிருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்துச் சாய்த்தது, தண்ணீர் சிவப்புத் தரையில் பரவி அவள் சேலையின் கரையை நனைத்துக்கொண்டு, அவள் கண், அவள். அதற்கு மேல் நினைப்பு போகாது. குடம் வரைக்கும் வரும், தண்ணீர் வரைக்கும் வரும், அங்கே நொண்டி நின்றுவிடும், திரும்பவும் பல் விளக்குவதிலிருந்து ஆரம்பிக்கும். அதன் பிறகுதான் அவர் கத்தினார். இரண்டு நிமிஷம் இருக்குமா. நாலு நிமிஷம் இருக்குமா. கிணற்றடிக்குப் போய்வர ஒரு நிமிஷம், துணியில் சுருட்ட ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "உச்சந்தலையில எப்படிங்க?" என்று கேட்டார். மேடை விளிம்பு இடித்திருக்கும் என்றார் கஸ்பார். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார், வெளியே இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது, எழுதிக்கொண்டார். "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்து அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

மெஷின் நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. இப்போது சொல்லலாம். கொத்தனாரே, அந்தத் தளம் சரியில்ல, எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க. இவ்வளவுதான், பத்து வார்த்தைகூட இல்லை, இதில் தண்ணீரும் குடமும் எங்கே வருகிறது, தளத்தை மட்டும் சொல்லலாமே. சொல்லலாம். சொன்னால் சூசை கரண்டியின் கட்டையால் மேலே ஒரு தட்டுத் தட்டுவார், மேலே இழுத்த பட்டிப் பூச்சு உதிரும், கீழே சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரியும், இது விழுந்து எத்தனை நாள் ஆச்சு அண்ணாச்சி என்பார், யாராவது ஒருத்தர் தரையைப் பார்ப்பார்கள், அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிற தரையை. ஒரு நூலை இழுத்தால் சேலை பூராவும் அவிழ்ந்துவிடும். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்கிற வழக்கம்தான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. அவளைத் தூக்க ஓடிவந்த மூன்று பேரும் கீழேயே பார்த்தார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதோடு அவர் அடுப்படிக் கதவைச் சாத்திப் பூட்டினார். அவர் துக்கம் தாங்காமல் பூட்டினார் என்று ஊரே உருகிற்று. சொந்தக்காரர் வீடுகளிலிருந்து சோறு வந்தது. மகள் மஸ்கட்டுக்கும் லெத்தீசியா தன் வீட்டுக்கும் போன பிறகு ஒரு மத்தியானம் முக்காலி போட்டு ஏறிப் பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பினார், மேலே பட்டி இழுத்தார், ஒரு இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்ததால் தளம் முழுக்க வெள்ளையடித்தார். மறுவாரம் வந்த லெத்தீசியா பார்த்துவிட்டு, "இதென்னத்துக்கு அத்தான் இப்ப?" என்றாள். "அவ ஆசப்பட்டா" என்றார். அதுவும் ஜெசிந்தா கணக்கில்தான் போயிற்று. அதற்குப் பிறகு அவர் அந்த அடுப்படிக்குள் நிற்பதில்லை, கதவோரம் கை நீட்டித் தண்ணீர் எடுப்பதோடு சரி, லெத்தீசியா கொடுத்தனுப்பும் கேரியரை முன்னறையில் வைத்துத் தின்றுவிட்டு வாசல் குழாயில் கழுவினார். எனக்குத் தெரிகிறது, நான் நிற்பதில்லை. உள்ளே குனிந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

உப்பைப் பற்றித் தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். முப்பத்தைந்து வருஷம் உப்பளத்தில் மேற்பார்வை, மண்வெட்டி ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்று கூலிக்காரர்களுக்கு வகுப்பெடுத்த வாய், தராசுச் சங்கிலியை ஆறு மாதத்துக்கொரு தரம் மாற்றச் சொன்ன கை. அந்த ஆள்தான் சொந்த வீட்டுத் தளத்தில் அதை ஊற்றச் சொன்னது. காங்கிரீட் போடுகிற நாள், சித்திரை வெயில், முப்பது ஆட்கள், வாசலில் பிரியாணி தம்மில் இருந்தது, சொந்தக்காரர் பூராவும் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னறை, நடை, படுக்கையறை வரைக்கும் லாரித் தண்ணீரில் கலந்து போட்டாயிற்று, அடுப்படி மட்டும் பாக்கி, மூன்றாவது தண்ணி லாரி வரவில்லை. பிச்சை என்கிற பழைய கொத்தனார், இப்போது இல்லை, நல்ல மனுஷன், மெஷினை நிறுத்திவிட்டு, "நாளைக்குப் போட்டுக்கிடுவோம் சார், கெணத்துத் தண்ணி வேண்டாம், கம்பி அரிச்சிரும்" என்றார். நாளைக்கா. மச்சான்மார் எல்லாம் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அரைத் தளத்தோடு நிறுத்துவதா. கஸ்பார் வாளியைக் கிணற்றில் விட்டுத் தானே முதல் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஜெசிந்தா, அப்போது வயிற்றில் மகள், பந்தலிலிருந்து எழுந்து வந்து ஒரு தம்ளரில் அதை ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தாள், துப்பினாள். "ஏங்க, வாயில வைக்க முடியல. இதயா ஊத்துறிய?" என்றாள், மெதுவாகத்தான், யாருக்கும் கேட்காமல். "உப்பு தின்ன வீடு உறுதியா இருக்கும் போ" என்று அவர் சத்தமாகச் சொன்னார், பந்தலில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள், கோபமில்லை, அழுகையில்லை, இவன் இப்படித்தான் என்று முடிவாகத் தெரிந்துகொண்ட ஒரு பார்வை. முப்பத்தொரு வருஷம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தத் தளத்துக்குக் கீழேயே நின்று மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். அடுப்புக்கு மேலே முடி அகலத்தில் வெடிப்பு விட்டபோது ஒரே ஒரு தடவை விரலை நீட்டிக் காட்டினாள், பார்க்கிறேன் என்றார், பார்க்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். தின்றது இவர், குடித்தது அவள்.

"அண்ணாச்சி, இங்க வாங்களேன்." சூசைக் கொத்தனார் குரல். கஸ்பார் எழுந்தார். நடை வழியாகப் போய் நிலைவாசலுக்கு இந்தப் பக்கமே நின்றார், உள்ளே தரை முழுக்கப் பெயர்ந்து மண் தெரிந்தது, பிரகாசி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடிபாட்டை அள்ள, லெத்தீசியா சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ரைமண்ட் மெஷினைத் தோளில் சாய்த்து வைத்திருந்தான். சூசை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல பட்டி பாத்தது யாரு?" என்றார். "நாந்தான். மழையில லேசா ஒழுகிச்சு." "ஒழுக்குன்னா மேல இருந்துல்லா அடைக்கணும்" என்று சூசை சொல்லிக்கொண்டே இன்னும் பார்த்தார். கஸ்பாரும் பார்த்தார், வெள்ளையடித்த பிறகு முதல் தடவையாக நேராக. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு ஊறி வெளியே வந்திருந்தது, வட்டமாக, அவர் சிமெண்டை அப்பிய இடத்தின் ஓரத்தை அச்சுப் பிசகாமல் வரைந்துகொண்டு, வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பிச் சுவர் வரைக்கும் போயிருந்தது. அந்தக் கோடு நேற்று இல்லை. நேற்று அவர் எங்கே பார்த்தார், ஆனாலும் இல்லை. "ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டா?" என்றார் சூசை. தட்டுங்க என்று சொல்ல வாய் திறந்தது, "இப்ப வேண்டாம் கொத்தனாரே, டீ வந்திருக்கும், எல்லாரும் வெளிய வந்து குடிங்க" என்று வந்தது. டீ வந்திருக்கவில்லை. அவரே தெருமுனைக் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தூக்குவாளியில் வாங்கிவந்தார், அறுபத்தெட்டு வயதில் அந்த ஓட்டத்தைப் பார்த்துத் தெருவே வாய் பிளந்தது. பதினோரு பேரும் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்தார்கள், அடுப்படி காலியாகக் கிடந்தது. விழு, இப்போது விழு என்று அவர் மனதுக்குள் அதைப் பார்த்துச் சொன்னார். யாருமில்லை, எல்லாம் முற்றாகக் கீழே வா, உடைத்த அதிர்வில் விழுந்தது என்று ஆகட்டும், பழைய பள்ளமும் புதுப் பள்ளமும் சேர்ந்து ஒன்றாகிவிடட்டும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தார், இப்படி ஒரு நேர்ச்சை அவளுக்கு இதற்கு முன் வந்திருக்காது. அந்த வாரம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் செருப்பைத் தேடுவதுபோல வெளியே வந்துவிட்டவர் அவர். தம்ளர்கள் காலியாயின. ஒன்றும் விழவில்லை. டீச்சர் எழுந்து கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு உள்ளே போனார்கள், ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள்.

மெஷின் வேலை முடிந்துவிட்டது, அதில் ஓர் ஆறுதல் பிடித்துக்கொண்டார், இனிமேல் அதிராது, இனிக் கலவை போடுவார்கள், டைல்ஸ் பதிப்பார்கள், அது அமைதியான வேலை. இன்றைக்கு ஒரு நாள் தாங்கிவிட்டால் போதும். சாயங்காலம் எல்லோரும் போனதும் அடுப்படியைப் பூட்டிவிட்டு வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்துத் தளத்தையே பெயர்த்துவிடலாம், பிறகு சொர்க்கமோ நரகமோ தானும் ஜெசிந்தாவும் பேசிக்கொள்ளலாம். ஒரு நாள். முப்பத்தொரு வருஷம் தாங்கியது ஒரு நாள் தாங்காதா. முப்பத்தொரு வருஷம் தாங்கியதுதான் அன்றைக்குத் தாங்கவில்லை. டைல்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, கலவைச் சட்டி இழுபடுகிற சத்தம், அதற்கிடையில் கடுகு உதிர்ந்ததுபோலப் பொடிப்பொடியாக ஏதோ, மணலாக இருக்கும், மணல் சலிக்கிறார்கள். யாரும் மணல் சலிக்கவில்லை, மணல் போன சனிக்கிழமையே சலித்தாயிற்று. பன்னிரண்டு மணி, கோயில் மணி அடித்தது. திரிகால செபத்துக்கு மணி அடித்தால் இந்தத் தெருவில் மீன் அறுக்கிறவள்கூட அரிவாள்மணையை விட்டு எழுந்துவிடுவாள், பதினோரு பேரும் நின்ற இடத்தில் நின்று கை கூப்பினார்கள், நின்ற இடம் அடுப்படி. கஸ்பார் நாற்காலியில் கை கூப்பிக்கொண்டு மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தார். செபம் சொல்லச் சொல்ல அந்தப் பொடிச் சத்தம் தெளிவாகக் கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லையா, அவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள்.

ஆமென் சொன்னதும் பிரகாசி டீச்சர் நடைக்கு வந்தார்கள். "மொதக் கல்ல நீங்க வையுங்க அண்ணாச்சி. அக்கா விழுந்த எடத்துலேருந்தே ஆரம்பிப்போம். அந்த எடம் உங்க கையால நல்லதா ஆவட்டும்." லெத்தீசியா வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் அக்காளின் கைதான், அதே எலும்பு, அதே இறுக்கம். "வாங்க அத்தான். நானும் கூட நிக்கேன்" என்றாள். அவர் போனார். மேடைக்குக் கீழே கலவை பரத்தி வைத்திருந்தார்கள், ஈரமாக, கறுப்பாக. மண்டி போட்டார், கையில் டைல் கனத்தது, சுற்றிலும் எல்லோரும் குனிந்து நின்றார்கள், லெத்தீசியா அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, அக்காள் தலை கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உச்சி வகிட்டில் வெள்ளையாக ஒரு துணுக்கு விழுந்தது. அவள் தட்டிவிட்டாள். இன்னொன்று ஈரக் கலவையில் விழுந்து குழி பறித்தது, துருவின் ஒரு செதில், மீன் செதிலளவு, பழுப்பு. கஸ்பார் அதையே பார்த்தார். நான் மட்டும் என்றால் பேசாமல் இருந்துவிடலாம், விழட்டும், பொருத்தமான சாவு, ஊர் இன்னொரு தடவை அழும். ஆனால் இவள் வகிடு என் தலைக்கு மேலே இருக்கிறது. அவள் வகிடு மாதிரியே இருக்கிறது. "மேல பாருங்க கொத்தனாரே" என்றார், தன் குரல்தானா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சாதாரணமாக வந்தது. சூசை பார்த்தார், கரண்டியைத் திருப்பிக் கட்டையால் மெதுவாகத் தட்டினார், காலி டப்பாவில் தட்டின சத்தம் வந்தது. பட்டி ஒரு கையளவு பிய்ந்து ரைமண்டின் காலடியில் விழுந்தது. சூசை கத்தவில்லை, குரலைத் தணித்தார்: "எல்லாரும் அப்படியே வெளிய போங்க. ஓடாதிய. நடந்து போங்க." சட்டிகளைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள், டீச்சர் கடைசியாகத் திரும்பி, "அண்ணாச்சி, எழும்புங்க" என்றார்கள். கஸ்பார் எழும்பவில்லை. "அவ வழுக்கி விழல டீச்சர்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "இதுதான் விழுந்துச்சு. அவ தலையில. நான் எடுத்துக் கெணத்துல போட்டுட்டேன்." டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள், சூசை டீச்சரின் தோளைப் பிடித்து நடைக்கு நகர்த்தினார். பொத்திப் பொத்தி வைத்த வரி வெளியே வந்துவிட்டது, உலகம் இடியவில்லை, முழங்கால் வலித்தது, அவ்வளவுதான். எழுந்து லெத்தீசியாவின் கையைப் பிடித்தார். "வா, வெளிய போயிருவோம்." அவள் கையை உருவிக்கொண்டாள். அந்தப் பழுப்பு வட்டத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். "அப்ப அந்தத் தண்ணி, அத்தான்?" என்றாள். "தரையெல்லாம் தண்ணி கெடந்துச்சுன்னு தூக்க வந்தவங்க சொன்னாங்களே. எங்க அக்கா சேலயெல்லாம் ஈரம். நாந்தான புழிஞ்சு கொடியில போட்டேன்." "வெளிய வா லெத்தி, சொல்லுதேன்." "இங்கயே சொல்லுங்க." மேலே ஏதோ முனகியது. சூசை வாசலிலிருந்து, "அம்மா, வந்துருங்கம்மா" என்றார். மூன்று மாதமாகக் குடத்தோடு நின்றுபோகும் நினைப்பு இப்போது நிற்காமல் போயிற்று, தண்ணீர் பரவியது, சேலைக்கரை நனைந்தது, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலோரம் நின்றவளின் அதே பார்வை தரையிலிருந்து அவரைப் பார்த்தது.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார். "ஊத்துறப்போ அவ கண்ணத் தெறந்து என்னப் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தா."

லெத்தீசியா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.